சூப்பு வளைவு

நத்தை ஒன்று அந்த ரயிலை முந்திப் போய், அடுத்த ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டுக் காத்திருந்ததாம். சொன்னவர் கப்சா. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத முகத்தோடு சொல்வார். கேட்டவர்கள் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது துருப்பிடித்துப் போயிற்று. ரயிலில் கார்டு முதல் கக்கூஸ் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் கப்சாதான். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். ஆனால் வாயைத் திறந்தால் ஏழு கப்பலில் ஏற்ற வேண்டிய பொய் வரும்.

பணக்காரர்கள் மலை பார்க்க வருகிற ரயில் அது. காலை வைத்தால் கணுக்கால் வரை புதைகிற கம்பளம், தலைக்கு மேலும் கண்ணாடி, மூன்று பேர் உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சுகிற நாற்காலி. மற்ற ரயில்கள் எப்போது போய்ச் சேருவோம் என்று ஓடும். இது, ஏன் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஏறும். காலையில் கிளம்பி, மாலையில் உச்சிக்குப் போய், ராத்திரி அங்கேயே தூங்கிவிட்டு, மறுநாள் மெதுவாக இறங்கி வரும். அதில் சாப்பாட்டுப் பெட்டியின் சர்வர் கப்சா.

பாதி மலையில் ஒரு பெரிய வளைவு உண்டு. அதில் ரயில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். பள்ளத்தாக்கைப் பார்த்துப் பயணிகள் வாய் பிளப்பதற்காக என்று மேனேஜர் சொல்வார். சாப்பாட்டுப் பெட்டிக்காரர்களுக்குக் காரணம் வேறு. மலை முழுக்க ரயில் குலுங்கும். குலுங்காத இடம் அது ஒன்றுதான். அதனால் சூப்பு கொடுப்பதென்றால் அங்கேதான் கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்தால் சட்டையில், பின்னால் கொடுத்தால் மடியில். சமையல்காரர் அதற்குச் சூப்பு வளைவு என்றே பெயர் வைத்திருந்தார்.

அந்த வளைவுக்குக் கீழே, தண்டவாளத்தைப் பார்த்த வாசலோடு ஒரு தகரக் கூரை வீடு. சத்தம் தாங்காது என்று வேறு யாரும் குடிவராத வீடு. கப்சாவும் அவர் மனைவியும் அதில்தான் இருந்தார்கள்.

ஒரு நாள் அந்த அம்மா வாசலில் நின்று மஞ்சள் போர்வையை உதறிக்கொண்டிருந்தார். ரயிலிலிருந்த ஒரு பயணி, "அந்தம்மா நமக்கா கை காட்டுறாங்க?" என்று கேட்டார். கப்சாவின் கையில் ட்ரே. ட்ரேயில் ஆறு கிண்ணம் சூப்பு. வாய் மட்டும் சும்மா இருந்தது.

"நமக்கில்ல சார், ரயிலுக்கு. கல்யாணமான மறுநாளே புருஷன் இதே ரயில்ல ஏறிப் போனான். இன்னும் வரல. அன்னிலேருந்து ஒரு ரயில் விடாம அந்தம்மா போர்வைய ஆட்டுது."

பெட்டியே உச்சுக்கொட்டியது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினார்கள். போர்வையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒன்றும் புரியாமல் திரும்ப ஆட்டினார்.

மறுநாள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை.

"ஏங்க, குத்துக்கல்லாட்டம் புருஷன் நீங்க இருக்கும்போது நான் புருஷன் ஓடிப்போனவளா?"

"ஓடிப்போனான்னு சொல்லலடி. போனான்னுதான் சொன்னேன்."

"பெரிய மரியாதை! எதுக்குப் போனானாம்?"

"அத இன்னும் யோசிக்கல."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தகரக் கூரையே ஒரு சாண் மேலே எழும்பி உட்கார்ந்தது. அடுத்த ரயிலுக்குத் தானாகவே போர்வையோடு வந்து நின்றார். அதற்கடுத்த ரயிலுக்கும் நின்றார். கதையும் வளர்ந்தது. போன புருஷன் ஒரு வாரம் மாலுமி ஆனான், ஒரு வாரம் பாட்டுக்காரன் ஆனான். ஆனால் அழச் சொன்னால் மட்டும் அந்த அம்மா கேட்கமாட்டார். "அழுதுக்கிட்டே ஆட்டுடி, இன்னும் நல்லா எடுபடும்" என்று கப்சா கெஞ்சுவார். "அதெல்லாம் முடியாது. ஜன்னல்ல உங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துடுது."

வருஷங்கள் போயின. ரயில்காரர்கள் விளம்பரப் படத்திலேயே அந்த அம்மாவைப் போட்டார்கள். மலை கொஞ்சம், மஞ்சள் போர்வை நிறைய. அவர் யார் மனைவி என்பது ரயிலில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். பயணிகள் ஒருவருக்கும் தெரியாது.

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு குறை.

"ஊர் பேர் தெரியாதவனெல்லாம் எனக்குக் கை காட்டுறான். கட்டினவன் மட்டும் ட்ரேயத் தூக்கிட்டு சிலையாட்டம் நிக்கிறீங்க. ஒரு தடவ கை ஆட்டினா என்ன?"

"ரெண்டு கையும் ட்ரேயில இருக்கும்டி. சூப்பு கொட்டிடும்."

"ஒரு நாளைக்குக் கொட்டட்டுமே."

"கொட்டினா மேனேஜர் என்னைப் பள்ளத்துல கொட்டிடுவார்."

"நேரா நம்ம வாசல்லதான விழுவீங்க? வாங்க, புடிச்சுக்கிறேன்."

இப்படியே சிரித்துச் சிரித்துத் தள்ளிப்போட்டார் கப்சா.

அப்புறம் ஒரு மழைக்காலப் பயணம். வளைவு வந்தது, ரயில் தளர்ந்தது, சூப்பு வந்தது. வாசலில் யாரும் இல்லை. கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. பயணிகள், "எங்க, எங்க?" என்றார்கள். கப்சா யோசிக்கவே இல்லை.

"இன்னிக்கு அம்மாவுக்குக் கோவம் சார். புருஷன் வந்தாலும் கதவத் திறக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கப்சாவும் சிரித்தார். தூங்கியிருப்பாள், அடுப்பில் எதையாவது வைத்திருப்பாள் என்றுதான் நினைத்தார். மறுநாள் இறங்கும்போது வளைவை மேகம் மூடியிருந்தது, வீடு தெரியவில்லை. மாலையில் ஸ்டேஷனில் பக்கத்து வீட்டுக்காரர் குடையை விரிக்காமல் மழையில் நின்றுகொண்டிருந்தார். கப்சாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலியாம். போர்வையை எடுத்துக்கொண்டு கதவுவரை வந்திருக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. ரயில் வருகிற நேரமாம்.

ஊரைச் சிரிக்கவைத்த மனுஷன் அன்றிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். சமையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "எதாவது புளுகுய்யா, கேக்கவே பயமா இருக்கு" என்று கெஞ்சினார். கப்சா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவு பாதி திறந்திருந்தபோது தான் சிரித்த சிரிப்புதான் அவர் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

வேலைக்குத் திரும்பிய காலையில் மேனேஜர் தோளில் கை போட்டார். வயதில் சின்னவர். காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அண்ணன் என்று கூப்பிடுவார்.

"அண்ணே, கஷ்டம்தான். ஆனா பேசஞ்சரெல்லாம் அந்தம்மாவப் பாக்கத்தான் வர்றாங்க. அடுத்த தடவையிலேருந்து வேற ஒரு பொம்பளய நிக்க வச்சிடறேன், பேசிட்டேன். தூரத்துலேருந்து யாருக்குத் தெரியப்போவுது? அந்த மஞ்சப் போர்வைய மட்டும் குடுத்துடுங்க. இந்த ஒரு பயணம் எதாவது சொல்லிச் சமாளிங்க, உங்களுக்கென்ன சொல்லியா குடுக்கணும்?"

கப்சா வீட்டை நினைத்துக்கொண்டார். போர்வை கட்டிலின்மேல் மடித்து வைத்தபடி இருந்தது. துவைக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை. அதை எவளோ ஒருத்தி மேலே போட்டுக்கொண்டு, தன் வாசலில் நின்று, தன் மனைவி ஆட்டியதுபோல ஆட்டுவாள். அதைப் பார்த்துக்கொண்டே தான் சூப்பு கொடுக்க வேண்டும். கதையையும் சொல்ல வேண்டும்.

ரயில் கிளம்பியது. மலை ஏறியது. மேகம் கண்ணாடியில் வந்து உரசிவிட்டுப் போனது. எதையும் கப்சா பார்க்கவில்லை. வளைவு நெருங்கியதும் சமையல்காரர் கிண்ணங்களை நிரப்பி, ட்ரேயை அவர் கையில் வைத்து, "நான் போகட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கப்சா தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

ரயில் தளர்ந்தது. ஜன்னலோர நாற்காலியில், முன்பே இரண்டு முறை வந்திருந்த ஒரு வயதான அம்மா, இந்தத் தடவை தங்கையையும் கூட்டி வந்திருந்தார். கீழே வீடு தெரிந்தது. பூட்டிய கதவு. துணி காயாத காலிக் கொடி.

"என்னப்பா, அவங்களக் காணோமே? இவளுக்குக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

பெட்டி முழுவதும் கப்சாவின் வாயைப் பார்த்தது. பெட்டியின் கோடியில் கதவோரம் மேனேஜரும் நின்று பார்த்தார்.

"இனிமே நிக்கமாட்டாங்கம்மா" என்றார் கப்சா. குரல் எங்கேயோ போய்விட்டு வந்தது. "அவங்க புருஷன் வந்துட்டார்."

பெட்டி வெடித்தது. கைதட்டல் கண்ணாடிகளை உடைத்துவிடும்போல இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நெஜமாவா? நீ பாத்தியா? ஆளு எப்படி இருந்தார்?"

"ஒண்ணும் பெரிசா இல்லம்மா. என்னாட்டம் ஒரு கிழவன். இவனுக்காகவா இத்தன நாள் நின்னாங்கன்னு இருந்துச்சு."

சிரிப்பு.

"இவ்வளவு நாள் எங்க போயிருந்தாராம்?"

"எங்கயும் போகலம்மா. கிட்டத்துலயேதான் இருந்திருக்கான். கையில சூப்பு இருந்துச்சாம்."

பெட்டி குலுங்கிச் சிரித்தது. பழைய கப்சா திரும்பிவிட்டார் என்று கடைசி மேசைக்காரர்கூடத் தொடையைத் தட்டினார். சிரிக்காதவர் சமையலறை வாசலில் நின்ற சமையல்காரர் ஒருவர்தான்.

வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். "பாவம், இனிமே மழையிலயும் பனியிலயும் அவங்க நிக்க வேண்டாமே தம்பி. இல்லயா?"

"ஆ... ஆமாம்மா. நிக்க வேண்டாம்" என்றார் மேனேஜர். பெட்டி முழுக்கக் கேட்டுவிட்டது. இனி யாரைப் பிடித்து அங்கே நிறுத்துவது?

"வாங்க, ரெண்டு பேருக்கும் கை காட்டுவோம்!" என்றார் தங்கை. எல்லோரும் ஜன்னல் பக்கம் நெருங்கினார்கள். அந்தப் பூட்டிய கதவுக்கு அத்தனை கைகளும் ஆடின. நடுவில் ட்ரேயோடு கப்சா.

வீடு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கதவு, படி, கொடி. அவர் வலது கையை ட்ரேயிலிருந்து எடுத்தார். தூக்கினார். தோளுக்கு மேலே, தலைக்கு மேலே.

ட்ரே சாய்ந்தது. ஒரு கிண்ணம் சரிந்து, கணுக்கால் புதையும் கம்பளத்தில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

சமையல்காரர் ஓடி வந்து ட்ரேயைப் பிடித்தார். "யோவ், கொட்டுதுய்யா!"

"கொட்டட்டும்" என்றார் கப்சா.

வளைவு முடிந்து, வீடு பாறைக்குப் பின்னால் போய், ரயில் மறுபடி குலுங்க ஆரம்பித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.