மூன்றாவது ஆட்டம்

கல்முனையில் எங்கள் கேமிங் அணியில் நால்வர் போனில் சுடுவார்கள், நான் பதிவெழுதுபவன். யார் எத்தனை பேரை வீழ்த்தினார், எப்போது விழுந்தார் என்று எல்லாம் என் கொப்பியில் இருக்கும். அதை நம்பித்தான், அதிலேயே எழுதியிருந்த இறுதிப் போட்டிப் பட்டியலில், நால்வரில் ஒருவனான ரிஸ்வானின் பெயரைப் பேனையால் வெட்டினேன். மூன்றாவது ஆட்டத்தில் எப்போதும் அவன்தான் முதலில் விழுவான்.

இறுதிப் போட்டிக்கு முதல்நாள் அவனிடம் கொப்பியைக் காட்டினேன். "மூணாவது கேம் வந்தா உனக்குக் கை நடுங்குது."

"காக்கா, அது எத்தின மணிக்கு நடக்குது எண்டு எழுதினீங்களா?" என்றான். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்.

எழுதவில்லை. யோசித்தேன்: மஹ்ரிப் பாங்குக்கு, அதாவது அந்தித் தொழுகைக்கான அழைப்புக்கு, சற்று முன். மற்றவர்கள் பிறகு தொழலாம் என்று அவசரமில்லாமல் ஆறுதலாக ஆடுவார்கள். அவன் தொழுகை தவறாதிருக்க, ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் பாய்வான்.

வெட்கமாகிவிட்டது; அவனையே ஆடச் சொன்னேன். மறுநாள் ஏற்பாட்டாளரிடம் ஓடி, மூன்றாவது ஆட்டத்தைச் சற்றுத் தள்ளிவைக்கக் கேட்டேன். "ஓம், தொழுதிட்டே வெச்சிக்குவம். எங்களுக்கும் தொழணும்தானே," என்றார்.

தொழுதுவிட்டு வந்த ரிஸ்வான் அவசரப்படவேயில்லை. எங்கள் அணியின் மற்ற மூவரும் விழுந்த பிறகும் தனியாகப் பதுங்கியிருந்து, எஞ்சிய எதிரணியை ஒவ்வொருவராக வீழ்த்தினான். மண்டபமே அதிர்ந்தது. கிண்ணத்தை என் கையில்தான் தந்தான்.

கொப்பியில் இப்போது நேரத்துக்கும் ஒரு நிரல் உண்டு. அவன் பெயர்மேல் போட்ட கோட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கொப்பியில் என்னைப் பற்றிய ஒரே பதிவு அதுதான்.