வராத ஆளுக்குக் கட்டிய சமையல் மேடை

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, அப்புறம் என்றைக்காவது ஒருநாள் இந்த வீட்டை வாங்க வரப்போகிறவர். பொம்மனஹள்ளியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய வாரமே மூன்றாமவரும் வந்து சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு எது செய்தாலும் ரீசேலை நினைத்துச் செய்ய வேண்டும் என்று ஆபீஸ் கேன்டீனில் யாரோ சொல்ல, நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டதன் விளைவு.

அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. மஞ்சள் நிறம் பிடிக்காது. அதனால் மனைவி ஆசைப்பட்ட மஞ்சளை விட்டு, சுவர் முழுக்க வெள்ளை அடித்தேன். ஆணி அடித்தால் அவர் மனம் நோகும் என்பதால் எங்கள் கல்யாணப் படம் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே படுத்திருந்தது. அடுப்பு தென்கிழக்கு மூலைக்குப் போனது. எனக்கு வாஸ்துவில் துளி நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது.

சாப்பிட உட்காரும்போது மனைவி கேட்பாள்: "அவருக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?"

இதெல்லாம் போகட்டும். சமையல் மேடை விஷயத்தில்தான் என் மூளை முழு வேகத்தில் வேலை செய்தது. மேஸ்திரி தருமபுரிப் பக்கத்துக்காரர். மேடை உயரத்துக்கு அவர் டேப் பிடிப்பதில்லை. சமைக்கிறவரைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே பென்சிலால் கோடு போடுவார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். அவளை நகரச் சொல்லிவிட்டு நான் நின்றேன்.

"நீங்களா சார் சமைக்கிறீங்க?" என்றார் மேஸ்திரி.

நான் இல்லை, வாங்க வருகிறவர் சமைப்பார், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற வடநாட்டு ஆள், ஆறடி இருப்பார் என்று விளக்கினேன். நான் ஐந்தரை அடிதான். மிச்சத்துக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டேன். மேஸ்திரி என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கோட்டைப் போட்டார்.

கறுப்பு கிரானைட்டில் மேடை வந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இம்மி பிசகவில்லை. ஐந்தடிக்கும் சற்றுக் குறைவான என் மனைவிக்கு அது ஏறக்குறைய நெஞ்சு வரை வந்தது. பலகை போட்டு ஏறி நின்றாள், அதுவும் போதவில்லை. கையைத் தூக்கித் தூக்கிக் குழம்பு கிளறியதில் மூன்றாம் வருஷம் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை சீவ முடியாமல் பின்னல் போட்டுக்கொள்ள அடுத்த வீட்டுக்குப் போனாள். டாக்டர் கையை உயர்த்தவே கூடாது என்றார். மேடையை இறக்கிவிடலாம் என்றாள். கிரானைட்டை உடைத்தால் ரீசேல் என்ன ஆவது என்றேன். எழுதும்போது கூசுகிறது. சொல்லும்போது கூசவில்லை.

பிறகு நிஜமாகவே ஆள் வந்தது. விற்கும் எண்ணமெல்லாம் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்துக்கு மார்க் வாங்கிப் பார்க்கும் ஆசையில் ஒரு புரோக்கரிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர் ஒரு கன்னடத் தம்பதியை அழைத்து வந்தார். ஆறடியை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவன் பார்வையைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "இது மொதலு கிளினிக் ஆகித்தா?" முன்னால் இது கிளினிக்காக இருந்ததா என்று. அவர் மனைவி சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, மேடை உட்பட அத்தனையையும் உடைத்துவிட்டு ஹாலோடு சேர்த்துத் திறந்த கிச்சனாகக் கட்ட வேண்டும் என்றார். தென்கிழக்கு மூலையை இருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். மனைவி பலகை மேல் நின்றிருந்தாள்.

"அவங்க வந்து உடைக்கிறத நாமளே உடைச்சா என்னங்க?"

மூன்றாமவர் முதல்முறையாக எனக்கு எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார். மத்தியானத்துக்குள் கிரானைட் இறங்கிவிட்டது. "இப்ப யாரு சார் நிக்கிறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மனைவி போய் நின்று, வலிக்காத இடது கையை மடக்கினாள். அவர் பென்சிலை எடுக்கும் நேரத்தில் போன். எங்கள் வீட்டைப் பார்த்தே இராத வேறொரு புரோக்கர். நல்ல பார்ட்டி கையில் இருக்கிறதாம், சாயங்காலம் கூட்டி வரட்டுமா, வீடு காலியா என்று கேட்டார்.

"இல்லைங்க, ஆள் இருக்காங்க" என்றேன்.

"டெனன்ட்டா சார்? காலி பண்ணச் சொல்லிடலாம், ஈஸி."

மனைவி முழங்கையை மடக்கியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். சம்மட்டி அவள் காலடியில்தான் கிடந்தது.

"நீங்களே வந்து சொல்லிப் பாருங்க சார்" என்றேன்.