இரத்தினபுரிக்குப் பெய்ய வேண்டிய மழை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் நிலைத்து நின்ற முதல் ஆள் நான்தான். அதனால் பத்து வயதிலேயே குடும்பத்தின் வாசிப்பு வேலை முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. மருந்துப் போத்தல், உரப்பை, கமக்காரர் கூட்டத்துக் கடிதம் எல்லாம் நானே வாசித்தேன். அறுவடைக் காலத்தில் இன்னொன்றும் சேரும்: பின்னேரம் கடையிலிருந்து அப்பா கொண்டுவரும் பத்திரிகையில் நாளைய வானிலை.

அந்த ஆவணியில் சிறுபோக நெல் வெட்டியதும் ஈரத்தோடு சாக்குகளில் கட்டிக் கொட்டிலில் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் அப்படியே கிடந்தால் சூடேறி நிறம் மாறிவிடும். ஆலைக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். மறுநாள் காலையில் தார் வீதியோரம் படங்கு விரித்துப் பரவ வேண்டும். பரவிய நெல்லைக் காலால் கிளறி, ஆடு மாடு அண்டாமல், மோட்டார் சைக்கிள் ஏறாமல் பொழுதுபடும்வரை காவல் நிற்பது என் வேலை. அதே நாளில்தான் பக்கத்து ஊர்ப் பெடியன்களுடன் எங்களுக்குக் கிரிக்கெட். விக்கெட் கீப்பர் நான். எனக்குப் பதிலாக நிற்க வேறு ஆள் இல்லை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

அப்பா பத்திரிகையை என்னிடம் நீட்டிவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

“வாசி தம்பி. நாளைக்கு என்னவாம்?”

இலங்கைப் படம் போட்டு, கீழே மாகாணம் மாகாணமாக எழுதியிருந்தது. தெற்கே பலத்த மழை. இரத்தினபுரிப் பக்கம் ஆறு பெருகலாம், தாழ்நிலத்தில் இருப்போர் கவனம். மலைநாட்டில் கடுங்காற்று. வடக்கில் மழையில்லை, வெப்பம் மிகும், நண்பகலில் வெளியில் நிற்பதைத் தவிர்க்கவும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரத்தினபுரிக்கு எழுதியிருந்த மழையை அப்படியே தூக்கி வடக்கே எங்கள் முல்லைத்தீவில் வைத்தேன். என் பங்குக்கு இடியையும் சேர்த்தேன். வெயில் எச்சரிக்கையை விட்டுவிட்டேன். இடியோடு அது ஒத்துவராது.

குசினி அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “ஆவணியிலை மழையோ? நல்ல விசர்க் கதை! கொழும்பிலை குடை பிடிச்சுக்கொண்டு எழுதியிருப்பினம்.”

“பேப்பரிலை கிடக்கு அம்மா.”

அப்பா பத்திரிகையை வாங்கித் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தன் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில் நான் அசையாமல் இருந்தேன். பிறகு அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பெடியன் வாசிச்சிட்டான், இனியென்ன கதை. நாளைக்கு நெல்லுக் காவல் இல்லை. நீ போய் விளையாடு.”

அடுத்த நாள் வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. மூன்று ஓட்டத்தால் வென்றோம். நான் இரண்டு பிடி பிடித்தேன், ஒன்றைக் கோட்டை விட்டேன். ஓவருக்கு ஓவர் வானத்தை அண்ணாந்து பார்த்தால் பந்து எப்படிக் கையில் நிற்கும்? கிரிக்கெட் ஆடிக்கொண்டே மழையை வேண்டிய ஒரே விளையாட்டு வீரன் நானாகத்தான் இருப்பேன்.

பொழுதுபடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது படங்கு மடித்துக் கிடந்தது. சாக்குகள் புதிதாக வாய் கட்டி அடுக்கியிருந்தன. ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன், டக்கென்று உடைந்தது. அப்பா கிணற்றடியில் வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பிடரியும் தோளும் வெந்து கறுத்திருந்தன.

“மழை வழிமாறிப் போட்டுது போல கிடக்கு,” என்றார். “அதை விடு. ஆர் வெண்டது?”

“நாங்கள்தான் அப்பா.”

“பிறகென்ன!” என்று அடுத்த வாளியை ஊற்றினார்.

“பகல் முழுக்க வெயிலுக்கை நிண்டவர், இப்ப தலையிடியாம்,” என்றார் அம்மா. “அந்தப் பேப்பர்காரர் மட்டும் என்ரை கையிலை ஆப்பிடோணும்!”

பழி பேப்பர்காரர் தலையில் போய் விழுந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இப்போதும் பத்திரிகை எடுத்தால் முதலில் வானிலையைத்தான் பார்க்கிறேன். எழுத்துக்கு மேலே அதே இலங்கைப் படம். மழை பெய்யும் ஊர்களில் கறுத்த முகிலும் நாலு துளியும். மற்ற இடத்தில், முதலாம் வகுப்புப் பிள்ளை கீறியது போல, கதிர் விரித்த மஞ்சள் சூரியன். அன்று முல்லைத்தீவின் மேல் எது இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை. அப்பா வெகுநேரம் பார்த்தார்.