லாரிக்குப் பின்னால் கலைமதி

மரக்காணத்து உப்பளத்தில் கலைமதியின் மொபெட்டைத் தெரியாதவர்கள் இல்லை. எந்த லாரியையும் அது முந்தியதே கிடையாது. லாரி ஊர்ந்தால் ஊரும், நின்றால் நிற்கும். "லாரிக்காரன் கயிறு கட்டி இழுத்துட்டு வர்றான்டி" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உப்பு வாரப் போய்விடுவாள்.

காரணம் சிரிக்கிற விஷயமில்லை. லாரியை முந்தப் போய்த்தான் அவள் கொழுந்தன் செத்தான். அதன் பிறகு அவள் வண்டி கேட்டபோது, புருஷன் தெய்வசிகாமணி கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் ஏற்றினான்.

"லாரிய முந்த மாட்டேன்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

வண்டி ஆசையில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். தன் மேலேயே செய்திருக்கலாம். புத்தி அப்போது எங்கே போயிற்றோ.

இன்று அந்தப் பெண் பிரியதர்ஷினிதான் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நர்ஸிங் முடித்துவிட்டு ஒரு வருஷமாக அம்மாவோடு உப்பு வாருகிறாள். புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் இன்டர்வியூ. பத்து மணிக்கு மேல் போனால் உள்ளே விட மாட்டார்கள். பஸ்ஸோ நிற்காமல் போய்விட்டது. கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில், முன்னால் ஓர் உப்பு லாரி நிறைமாதக்காரி போல நகர்ந்துகொண்டிருந்தது.

"முந்தும்மா. எதிர்ல ஒண்ணும் வரல."

வரவில்லைதான். கலைமதி வலப்பக்கம் ஒதுங்கினாள். மறுபடியும் லாரியின் புகைக்குள்ளேயே வந்தாள். லாரி மேல் கோபம், புருஷன் மேல் கோபம், எல்லோரையும்விடத் தன் மேல்தான் கோபம்.

"சத்தியம் எம்மேலதானே பண்ண? எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா." பெண்ணின் குரல் உடைந்தது. "இத விட்டா நானும் உப்பளத்துலதான் கெடக்கணும்."

கலைமதி ஆக்சிலேட்டரை முறுக்கினாள். லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து பின்னால் போயின. மகளின் கை இடுப்பைப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மகள் உள்ளே போனதும் போன் வந்தது.

"லாரி பின்னாடியேதானே போன?" என்றான் தெய்வசிகாமணி.

"ஆமாங்க."

மத்தியானம் பிரியதர்ஷினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "திங்கக்கெழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்கம்மா."

கலைமதி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சுட்டது. வெயிலாக இருக்கலாம். இனி அந்தப் பிள்ளை தும்மினாலும் இவள் கை அதன் நெற்றிக்குத்தான் போகும். ஏன் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.