துளை போட்ட பச்சைப் பெட்டிகள்

இலங்கையின் நிவித்திகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் தெரேசம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் கைக்குழந்தைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கான சத்துமாப் பைகளை எலி கடித்தது; எலி விட்டதை ஈரம் கெடுத்தது. பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் வாளியையும் கடித்தது. தோட்ட ஆபீசில் அலுமாரி கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் டவுனில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஜுனைதீனிடம் போனார். காலாவதியான தோட்டாக்களை அழித்த இராணுவம், அவை இருந்த பெட்டிகளை ஏலத்தில் விற்றிருந்தது. பச்சை நிறக் கனத்த இரும்பு. மூடியின் விளிம்பில் றப்பர் பட்டி. மூடினால் ஈரக்காற்றுகூடப் புகாது.

"உருக்கத்தான் அனுப்பப் போறேன் அக்கா. ரெண்ட நீங்க எடுத்துக்கங்க," என்றார் ஜுனைதீன்.

தெரேசம்மா அவற்றைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மாப் பைகளை அடுக்கினார். அந்த மழைக்காலம் முழுதும் ஒரு பைகூடப் பழுதாகவில்லை.

பிறகு தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் துரை வந்தார். பெட்டிமேல் இருந்த இராணுவத்தின் வெள்ளை எழுத்துகளைப் பார்த்ததும் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். ஜுனைதீன் ஏல ரசீதோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். குற்றம் எதுவும் இல்லை என்று பொலிசாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பெட்டிகளைக் கொண்டுபோனார்கள்.

பல வாரம் கழித்து பொலிஸ் சார்ஜன் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். நான்கு பக்கமும் பெருவிரல் நுழையும் துளைகள்.

"என்னங்க மாத்தயா இது?" தெரேசம்மா சிங்களத்தில் கேட்டார்.

"திரும்பத் தோட்டா வைக்க முடியாதபடி செய்யணும், அக்கே. அதுதான் சட்டம்."

"நான் மாவுதானே வச்சிருந்தேன்?"

"உங்க மேல தப்பு இல்ல."

"அப்போ ஓட்டைய அடைச்சுக்கிறேன்."

"அடைக்கக் கூடாது."

தெரேசம்மா மறுபடி ஜுனைதீனிடம்தான் போனார். "எலி நுழையிற அளவு பாத்துப் போட்டிருக்காங்க தம்பி," என்றார். ஜுனைதீன் பெட்டிகளை வாங்கி, உருக்கப் போகும் லொறியில் ஏற்றினார்.

"நல்ல பொட்டி. நம்ம காலம் முடிஞ்சும் இருந்திருக்கும்," என்றார் தெரேசம்மா.

"தெரியும் அக்கா."

இப்போது தெரேசம்மா தினமும் பின்னேரம் மாப் பைகளைச் சாக்கில் கட்டி, தலையில் வைத்து லயத்தில் உள்ள தன் வீட்டுக்கு இறங்குகிறார். விடிந்ததும் அதே சாக்கோடு மேடேறுகிறார். மழையென்றால் வழுக்கும், முழங்கால் வேறு வலி. அலுமாரி என்னவாயிற்று என்று போன கிழமையும் துரையிடம் கேட்டார்.

"பாத்துச் செய்வோம்," என்றார் துரை.

"இதத்தானுங்க பழைய தொரையும் சொன்னாரு," என்று சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்க உள்ளே போனார் தெரேசம்மா.