ஒரே பெயரில் இரண்டு ரத்தம்

யூஜினியாவுக்கு அந்த இருட்டறை பிடிக்கும். காரைக்குடியில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மற்றவர்கள் அங்கே உட்கார மாட்டார்கள். ஜன்னல் கிடையாது, மின்விசிறியும் முனகும். கல்லலிலிருந்து காலை ரயிலில் வந்து, பதினாறு வருடமாக அவள்தான் அங்கே ஏ.என்.ஏ. ஸ்லைடுகளைப் பார்க்கிறாள். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அவள் அப்பா உபகாரசாமி, மகளை நர்ஸ் ஆக்க நினைத்தார். அவளுக்கோ, நோய் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்பதில்தான் ஆசை.

அது விசித்திரமான சோதனை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் புரதம் சிலருக்குத் தடம் மாறி, சொந்தச் செல்லின் கருவையே பிடித்துக்கொள்ளும். அப்படி ஏதாவது ரத்தத்தில் திரிகிறதா என்று பார்க்க, கண்ணாடியில் ஒட்டிவைத்த செல்களின் மேல் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் விட்டு, மறுபடி கழுவ வேண்டும். பிறகு மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியில் பார்த்தால், புரதம் ஒட்டிய கரு பச்சையாக எரியும். ஒட்டாவிட்டால் வெறும் இருட்டு. ஒருவருக்குக் கரு முழுக்க நிரம்பி எரியும், இன்னொருவருக்குப் பொட்டுப் பொட்டாக. நோயே இல்லாத சிலருக்கும் லேசாக மினுங்கும். ஏன் என்று அவள் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

ஆடி மாதத்தில் சிங்கம்புணரியிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. பாண்டீஸ்வரி, வயது நாற்பத்தொன்பது. சீரம் மஞ்சள் கரைத்த தண்ணீர் போல இருந்தது. ஒன்றைத் தாண்டக் கூடாத மஞ்சள்காமாலை அளவு எட்டு. கிருமியால் வரும் காமாலை இல்லை என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் டாக்டர் ஏ.என்.ஏ. கேட்டிருந்தார். அறுநூற்று நாற்பது மடங்கு நீர்க்கவைத்த பிறகும் கரு முழுசாக எரிந்தது. யூஜினியா மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

ஆனால் ரிப்போர்ட் போகவில்லை. அதே பெயர், அதே போன் நம்பரில் பங்குனியில் மூட்டுவலிக்காக ஒரு ஏ.என்.ஏ. எடுத்திருந்தார்கள். அதில் எதுவுமே இல்லை. இவ்வளவு வித்தியாசம் வந்தால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். முதலாளி சத்தியமூர்த்தி இருட்டறை வாசலில் நின்று சிரித்தார்.

"என்ன யூஜினியா, பங்குனியில கும்மிருட்டு, ஆடியில தீவாளி மத்தாப்பா? ஆள மாத்துனீகளா, டியூப்ப மாத்துனீகளா?"

"ரெண்டும் இல்ல சார்."

"அப்ப வரச் சொல்லிப் போன் போடுங்க."

நான்காம் நாள் பாண்டீஸ்வரி நேரில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்காக முன்னறையில் காத்திருந்தாள். இந்த முறை ஸ்லைடில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. காமாலையும் இல்லை.

"விட்டது தலவலி," என்றார் சத்தியமூர்த்தி. "முதல்ல வந்தது ஏதோ தப்பு. இதையே அனுப்பிருங்க."

யூஜினியா அனுப்பவில்லை. குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்த முதல் சீரத்தை இரண்டாவதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அடர்மஞ்சள், ஒன்று வைக்கோல் நிறம். எட்டு இருந்த காமாலை நான்கு நாளில் மாயமாகுமா? இது அதே ஆளின் ரத்தம் இல்லை. அப்படியானால் ஈரல் வெந்துகொண்டிருக்கும் அந்த இன்னொரு ஆள் யார்? இந்தக் காகிதம் போனால் அந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்றல்லவா ஆகிவிடும்?

அவள் முன்னறைக்குப் போனாள்.

"அக்கா, கண்ணக் கொஞ்சம் கீழ இழுத்துக் காட்டுங்க."

"ரத்தந்தேன் குடுத்தாச்சே, கண்ணு எதுக்கு?"

கண் வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"போன வாரம் குடுத்தது யாரு ரத்தம்?"

"என் ரத்தந்தேன்."

"அது மஞ்சளா இருந்துச்சுக்கா. யாருக்குக் காமாலை?"

பாண்டீஸ்வரி வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மகளுக்கு. வீட்டுக்கு வந்து எடுத்தாக. எங்க ஊருல ரத்தம் எடுக்குற சென்டர்ல பேரு அடிக்கிறவ, மாப்பிள்ள வீட்டுச் சொந்தம். ஆவணியில கல்யாணம். அதான் என் பேரச் சொன்னேன். டாக்டர்கிட்ட நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இன்னைக்கு ஏன் நீங்க வந்தீக?"

"பழசும் புதுசும் ஒத்துப்போகலன்னு போன் வந்துச்சு. என் பேருக்கு என் ரத்தத்தவே குடுத்தா ஒத்துப்போயிரும்ல?"

யூஜினியாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மகளுக்கு என்ன குடுக்குறீக?"

"கீழாநெல்லி. மூணு மாசமா."

"நான் டாக்டர் இல்லக்கா. இந்தச் சோதனை மட்டும் வச்சு நோயச் சொல்லவும் முடியாது. ஆனா ஒங்க நல்ல ரத்தத்தோட காகிதத்தக் காட்டுனா டாக்டர் வேற வழியில போயிருவாரு. அவ பேர்ல, அவ வயசுல, அவ ரத்தம் வேணும். இங்க வாங்க. நானே எடுக்குறேன், நானே பேரு அடிக்கிறேன்."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

யூஜினியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஈரல் நின்னு போச்சுன்னா என்ன செய்வீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் வந்தார்கள். அகல்யா, வயது இருபத்துமூன்று. அன்று மத்தியானம் ஸ்லைடு மறுபடி முழுப் பச்சையாக எரிந்தது. சத்தியமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க," என்று மட்டும் சொன்னார்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஈரலில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, உடம்பே தன் ஈரலைத் தாக்குவதை உறுதி செய்தார்கள். மாத்திரை தொடங்கியது. பாண்டீஸ்வரி கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளினாள். விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் அகல்யாவே போய்ச் சொன்னாளாம். அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஐப்பசியில் மாதச் சோதனைக்கு வந்தபோது அவள் கண்ணில் மஞ்சள் இல்லை. "அந்தப் பச்சைய நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். அன்றைய ரத்தத்திலேயே ஒரு ஸ்லைடு போட்டு, யூஜினியா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"இதெல்லாம் என் செல்லா?"

"இல்ல. செல்லு வேற யாரோடதோ. அதுல போய் ஒட்டியிருக்குறதுதான் ஒன்னோடது."

"ஏன் இப்படிப் போய் ஒட்டுது?"

"தெரியலம்மா. பதினாறு வருசமா நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அகல்யா கண்ணை எடுக்காமல் மைக்ரோஸ்கோப்பின் திருகைத் தேடினாள். "இன்னும் கொஞ்சம் தெளிவா வருமா?"

யூஜினியா அவள் விரலைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தாள்.