வாய்க்காலுக்கு சிமெண்ட், வங்கிக்கு ஓர் ஆட்சேபம்: கூமாப்பட்டிக்கு ஒரு நாள் ஓட்டம்

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. விவசாயிகள் கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று படிவங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கிக்கு இணையதளம் வழியாக அனுப்பத்தான் போன வாரம் வியாழக்கிழமை ராஜபாளையம் போனேன். கூமாப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் வாய்க்காலின் அடியிலும் இரு கரையிலும் சிமெண்ட் பூச அந்த வங்கி கடன் கொடுக்கப் போகிறது. பூசிவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது. வாய்க்காலை ஒட்டிய தோட்டக் கிணறுகளில் தண்ணீர் ஊறாது. ஆட்சேபம் சொல்ல அன்று மாலை ஐந்தரை மணி கடைசி. இதே மாதிரி வேலையாக ஊர் ஊராக அலைகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதால், பட்ட பாட்டை விடாமல் எழுதுகிறேன்.

சென்னை ரயில் நாற்பது நிமிடத் தாமதத்தில் காலை ஏழு மணிக்கு ராஜபாளையம் சேர்ந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் செல்வராஜ் காத்திருந்தார். நூல் மில்லில் ஷிப்ட் மேஸ்திரி. விவசாயிகளுக்காகச் சென்னையிலிருந்து இயங்கும் எங்கள் குழுவுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஆள். வீடு வீடாகப் போய்ப் படிவங்களில் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். டீ சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். படிவங்கள் எங்கே என்றேன். அதுதான் இது என்றார்.

திங்கட்கிழமை மில்லுக்கு லீவு போட்டு, விருதுநகர் போய், குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று, இருபத்து மூன்றையும் கொடுத்து ரசீது வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் ‘பெறுநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று தன் கைப்பட எழுதியும் கொடுத்திருக்கிறார்.

“மனுன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்லதான சார் குடுக்கணும்? ஜெராக்ஸ் குடுத்தா மதிப்பிருக்காதுன்னு ஒரிஜினலையே குடுத்துட்டேன்.”

கோபம் தலைக்கேறியது. யார் மேல் காட்டுவது? ரோடு சரியில்லையா, பென்ஷன் நின்றதா, சாக்கடை அடைத்ததா, எல்லாவற்றுக்கும் இந்த மாவட்டத்தில் திங்கட்கிழமை மனுதான் வழி. நாங்கள் அனுப்பிய படிவமோ முழுக்க இங்கிலீஷ். இது எங்கே போகிறது என்று அவருக்கு ஒரு வரி தமிழில் எழுதித் தர எங்கள் குழுவில் யாருக்கும் நேரமில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்னைக்குப் போன் போட்டேன். பாதிக்கப்படும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாலே போதும், புதிதாக வாங்குங்கள் என்றார் எங்கள் தலைவர். கூடவே, நம் குழு அச்சடித்த துண்டறிக்கையை ஊரில் கொடுக்க மறக்காதீர்கள் என்றார். அந்த எட்டுப் பக்கத்தில் உலக வர்த்தக ஒப்பந்தம் இரண்டு பக்கம், மரபணு மாற்றிய கத்தரிக்காயும் கடுகும் நான்கு பக்கம், வளர்ச்சி வங்கிகள் ஒன்றே முக்கால் பக்கம். நம் வாய்க்கால் கடைசியில் கால் பக்கம். எல்லாம் தேவையான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அதைச் சுமந்தவன் நான்.

செல்வராஜ் இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு கூடவே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், பதினைந்து ரூபாய். அங்கே முக்கால் மணி நேரம் நின்று பஸ் பிடித்து வத்திராயிருப்பு, பிறகு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்துக் கூமாப்பட்டி. போய்ச் சேரும்போது மணி பத்தரை. பால்கோவா வாங்கினாயா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இப்போது மாட்டேன் என்றார்கள். வாய்க்கால் வேலைக்குத் தடை வந்தால் மடை ரிப்பேரும் சேர்ந்து நின்றுவிடும் என்று பேச்சு கிளம்பியிருந்தது. கடைமடைக்காரர்கள் சிமெண்ட் பூசினால் தங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரும் என்றார்கள். அதுவும் நியாயம். அந்தக் கால் பக்கத்தில் அப்படி ஒருவர் இருப்பதாகவே நாங்கள் எழுதவில்லை. துண்டறிக்கையைப் புரட்டிய ஒருவர், இங்கே கடுகு போடுவது யார் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றரை மணிவரை ஒரு கையெழுத்தும் தேறவில்லை.

அடுத்துக் காளியம்மாள் தோப்புக்குப் போனோம்; வாய்க்காலிலிருந்து இருபது அடி தூரம். ஒன்றே கால் ஏக்கரில் தென்னை. கணவர் இறந்த பிறகு தனியாகப் பார்க்கிறார். எங்களை நேராகக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். வாய்க்கால் பக்கத்துச் சுவரில் மட்டும் மூன்று இடத்தில் ஊற்று கசிந்தது. மற்றப் பக்கங்கள் காய்ந்து கிடந்தன. எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாதது அங்கே பார்த்தவுடன் புரிந்தது. கிணற்று மேட்டிலேயே காளியம்மாள் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துத் தோப்பு முனியாண்டியும் கையெழுத்துப் போட வந்தார், ஆனால் பெயர் வெளியே தெரியக்கூடாது என்றார். அவருடைய மச்சான் வாய்க்கால் வேலையை எடுத்திருக்கும் காண்டிராக்டரிடம் ஜேசிபி ஓட்டுகிறார். படிவத்தில் பெயரை மறைக்க ஒரு கட்டம் உண்டு, டிக் செய்தேன். காளியம்மாளுக்கும் டிக் செய்யப் போனேன். எல்லார் பெயரையும் மறைக்கத்தான் தலைவர் சொல்லியிருந்தார். காளியம்மாள் என் கையைத் தடுத்தார்.

“நான் என்ன களவாண்டேனா தம்பி, பேரை மறைக்க? கெணறு எங்க கெடக்குன்னு ஊருக்கே தெரியும்.”

இரண்டு படிவங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியபோது மணி நாலே கால். பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை. நாலு ஐம்பதுக்கு வந்தது. வங்கியின் இணையதளம் ஸ்கேனை இரண்டு முறை பெரிய கோப்பு என்று திருப்பியது. ஐந்து இருபதுக்கு ஏற்றுக்கொண்டது. செல்வராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். அசல் எங்கே போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். கடைசி நாளில் போகாதீர்கள். வத்திராயிருப்பு பஸ்ஸை நம்பினால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிணற்றைப் பாருங்கள், பிறகு உலக வர்த்தகம் பேசலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வங்கியிடமிருந்து பதில் வந்தது. ஆட்சேபம் பெறப்பட்டது, ஆனால் பாதிப்பு இன்னும் ஏற்படவில்லை என்பதால், ஏற்பட்ட பின் ஆதாரத்தோடு எழுதவும் என்று மரியாதையான இங்கிலீஷ். காளியம்மாளுக்குப் போன் செய்து தமிழில் சொன்னேன்.

“கெணறு வத்தலைன்னா காயிதம் வேண்டாங்காவ. வத்தின பொறவு தென்னை பட்டுப்போயிரும், நான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பேன். அப்ப எந்த ஊருக்காரின்னு தம்பி எழுத?”

அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி வங்கிக்கு அனுப்பினேன். என் பங்குக்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.